மலை ஆறிய கதை

என் சித்தி வேலைக்குச் சேர்ந்த வாரத்திலேயே எங்கள் தெருவில் அவளுக்கு ரேகைக்காரி என்று பெயர் வந்துவிட்டது. தப்பு அவளுடையதுதான். என்ன வேலை என்று கேட்ட கீழ்வீட்டுத் தையல்காரரிடம், "கல்லுக்குள்ள ரேகை இருக்கும், அதைப் பார்க்கிற வேலை" என்று சொல்லிவிட்டாள். அவர் கல்லை விட்டுவிட்டு ரேகையை மட்டும் பிடித்துக்கொண்டார். மறுநாள் காலை மாடிப்படிக்கு அடியில் வழிமறித்து உள்ளங்கையை நீட்டினார்.

"கொஞ்சம் பாரேம்மா. கடையை மெயின் ரோட்டுக்கு மாத்தலாமா, இங்கேயே ஓட்டலாமா?"

சித்தி நிஜமாகவே குனிந்து பார்த்தாள். "ஊசி குத்தின தடம்தாங்க நிறைய இருக்கு. கடையை விடுங்க, முதல்ல விரலுக்கு ஒரு உறை வாங்கிப் போடுங்க."

அவர் கடையை மாற்றவில்லை. கேட்டவர்களிடமெல்லாம், ரேகைக்காரி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது.

சித்தி என் அம்மாவின் தங்கை. கல்யாணம் ஆகும்வரை எங்கள் வீட்டுப் பின்னறையில்தான் இருந்தாள். பல்கலைக்கழகத்தில் நிலவியல் துறையில் வேலை. பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கே போய் உட்கார்ந்திருந்து அவளோடு வீடு திரும்புவேன். அதனால் அந்தக் கட்டடம் இன்றும் கண்ணை மூடினால் அறை அறையாகத் தெரிகிறது. முதலில் கல்லுடைக்கும் அறை. இரும்புத் தாடைகள் கல்லை மென்று துப்புகிற சத்தத்தில் காது அடைத்துப்போகும். அடுத்த அறையில் ஒரு சாய்வு மேஜை நாள் முழுக்க நடுங்கிக்கொண்டே இருக்கும். அதன்மேல் தண்ணீர் வழிய வழிய, கல்தூளில் கனமானது ஒரு பக்கமும் லேசானது ஒரு பக்கமுமாகப் பிரிந்து ஓடும். அரிசியில் கல் அரிப்பது மாதிரிதான், ஆனால் இங்கே கல்லிலிருந்தே கல்லை அரிக்க வேண்டும் என்பாள் சித்தி. தாழ்வாரம் நெடுக ஈரக் கல்தூள் வாசனை, அதோடு மூக்கைக் குத்தும் அமில நெடி. கடைசியில் கறுப்புத் திரை போட்ட சின்ன அறை. நுண்ணோக்கியும் ஒரு முக்காலியும் அவளுமாக அங்கே ஒருத்திக்குத்தான் இடம்.

அவள் பார்த்த வேலை இதுதான். கிரானைட் என்பது பூமிக்கு அடியில் வெகு ஆழத்தில் குழம்பாக இருந்து இறுகிய கல். இறுகிய பிறகும் காலம் காலமாகச் சூட்டோடு அங்கேயே கிடக்கும். அதற்குள் சர்க்கரைத் துகளைவிடச் சின்னதாகச் சில படிகங்கள் உண்டு. அந்தப் படிகத்துக்குள் துளியூண்டு யுரேனியம் இருக்கும். எப்போதாவது அதன் அணு ஒன்று தானாக உடையும். உடைந்த துண்டுகள் படிகத்தைக் கீறிக்கொண்டு ஓடும். அந்தக் கீறல்தான் சித்தியின் ரேகை. கல் சூடாக இருக்கும் வரை கீறல் விழ விழ ஆறிவிடும், நம் தோலில் சிராய்ப்பு ஆறுவது போல. கல் மேலே எழும்பி, ஏறக்குறையக் கொதிநீரின் சூட்டுக்கும் கீழே இறங்கிய பிறகு விழுகிற கீறல் மட்டும் ஆறாமல் அப்படியே நிற்கும். ஆகவே நிற்கிற கீறலையும் இருக்கிற யுரேனியத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால், அந்தக் கல் எப்போது குளிர்ந்தது என்று சொல்லிவிடலாம். அதைத்தான் கல்லின் வயது என்பார்கள்.

அவளுக்கு மேலே ஒரு பேராசிரியை. குட்டையாக முடி வெட்டிக்கொண்டு, கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைப்பவர். ஊருக்கு மேற்கே அரை நாள் பயணத்தில் ஒரு கிரானைட் மலை இருந்தது. அதுதான் அவருடைய வாழ்நாள் கவலை. அந்தப் பக்கத்து நிலம் ஒரு காலத்தில் இரண்டு புறமும் இழுபட்டிருக்கிறது. பிசைந்த மாவை இழுத்தால் நடுவில் மெலிவது போலத் தரை மெலிந்து, மேலே இருந்த பாரம் சரிந்து நழுவ, அடியில் கிடந்த கிரானைட் மேலே எழுந்திருக்கிறது என்பது அவர் கட்சி. எப்போது எழுந்தது, அவசரமாகவா நிதானமாகவா என்பதைக் காட்ட வேண்டும். அதற்காக மலையடியிலிருந்து உச்சி வரை ஒழுங்கான இடைவெளியில் கல் எடுத்துவரச் செய்தார். உச்சியில் இருக்கும் கல் முதலில் மேலே வந்திருக்கும், முதலில் ஆறியிருக்கும். அதற்கு வயது அதிகம். அடிவாரத்துக் கல் கடைசியில் வந்தது, வயது குறைவு. அவர் எதிர்பார்த்தது இதைத்தான். வேறு யாராக இருந்தாலும் இதையேதான் எதிர்பார்த்திருப்பார்கள்.

கல் எடுக்க அவரோடு போனவர் துறையின் ஜீப் ஓட்டுநர். எல்லோரும் ஜீப்காரர் என்றே கூப்பிடுவார்கள். ஓட்டுவதோடு சுத்தியலும் பிடிப்பார், துணிப்பைகளையும் சுமப்பார். பைகளைக் கொண்டுவந்து கல்லுடைக்கும் அறை வாசலுக்கு வெளியே வரிசையாக வைத்துவிட்டு அங்கேயே நிற்பார். உள்ளே காலெடுத்து வைக்க மாட்டார்.

"உள்ள வாங்களேன், டீ இருக்கு" என்பாள் சித்தி.

"வேணாங்க. என் செருப்போட பாதி மலை வந்துரும். அப்புறம் உங்க கல்லுல எது எதோடன்னு தெரியாமப் போயிரும்."

எனவே சித்தி டீயைத் தாழ்வாரத்துக்கே கொண்டுபோய்க் கொடுப்பாள். அவர் குடித்து முடிக்கும்வரை எதற்கோ காத்திருப்பவள் போலச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். இருவரும் அதற்கு மேல் பேசியதாக எனக்கு நினைவில்லை.

அந்த மலைக் கற்களின் வயது தெரியவந்தபோது எல்லாம் தலைகீழாக இருந்தது. அடிவாரம் கிழம், உச்சி இளசு. பேராசிரியை நம்பவில்லை. "மறுபடி பாரு" என்றார். சித்தி மறுபடி பார்த்தாள். அதேதான். வேறொருவரை வைத்துப் பார்க்கச் சொன்னார். அதேதான் வந்தது. சித்தியின் கண்ணில் பிழை இல்லை என்று ஆனதும் சந்தேகம் பைகளின் மேல் திரும்பியது. கல் எடுத்த அன்று இறங்கும் வழியில் மழை பிடித்துக்கொண்டு, ஓடையில் ஜீப் சிக்கி, பைகளை எல்லாம் இறக்கித் திரும்ப ஏற்றியிருந்தார்கள்.

துறைக் கூட்டத்தில், எல்லோருக்கும் முன்னால், பேராசிரியை ஜீப்காரரைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"இறக்கி ஏத்துனப்ப வரிசை மாறிடுச்சு. அப்படித்தானே?"

"மாறல மேடம். பை மேலேயும் எழுதியிருக்கேன், உள்ளேயும் சீட்டு போட்டிருக்கேன்."

"அப்ப மலை தலைகீழா நிக்குதுன்னு சொல்றீங்களா?"

யாரோ சிரித்தார்கள்.

"மலை எப்படி நிக்குதுன்னு எனக்குத் தெரியாது மேடம். பை மாறலைன்னு தெரியும்."

"ஒரு தப்பு நடந்துபோச்சுன்னு ஒத்துக்கிறதுக்கு என்ன?" என்றார் பேராசிரியை, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

ஜீப்காரர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். கோபமாக எறியவில்லை; சத்தம் வராமல் வைத்தார். வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை.

சித்தி அந்தக் கூட்டத்தில் இருந்தாள். அவர் உட்கார்ந்திருந்தால் பக்கத்து நாற்காலி அவளுடையதாக இருந்திருக்கும். அவரை நிற்க வைத்துத்தான் கேட்டார்கள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களை எடுத்து மறுபடி கழுவ ஆரம்பித்தாள். அம்மா குழாயை மூடிவிட்டு என்ன ஆச்சு என்று கேட்டாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்க்கா. அந்த மனுஷன் வாசப்படிகூட மிதிக்க மாட்டார், அவரா பையை மாத்துவார்னு கேட்டிருக்கலாம். வாயில என்ன வச்சிருந்தேன்னு தெரியல."

"நீ சொல்லி அந்தம்மா காதுல விழுந்திருக்குமா?"

"அவங்க காதுல விழாட்டி என்ன? அவர் காதுல விழுந்திருக்கும்ல."

அம்மா தங்கையை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டாள்.

சில வாரங்களில் தெரிந்தது, ஜீப்காரர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மரச்சாமான் கடையில் வேன் ஓட்டுகிறார் என்று. சித்தி போனாள். கடைக்குள் நின்று என்ன பேசுவது என்று தெரியாமல் ஒரு நாற்காலி வாங்கினாள். வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்களாம். அவர்தான் கொண்டுவந்தார். மூன்று மாடி சுமந்து வந்து கூடத்தில் இறக்கினார்.

"எங்க போடணும்?"

"அன்னிக்கு நான் பேசாம உக்காந்திருந்தது தப்புங்க" என்றாள் சித்தி.

அவர் குனிந்து நாற்காலியின் காலைத் தட்டிப் பார்த்தார். "சரியா நிக்குதான்னு பாத்துக்கோங்க. அப்புறம் வந்து சொன்னா கடையில ஏத்துக்க மாட்டாங்க." படியிறங்கிப் போய்விட்டார்.

"நமக்கு எதுக்குடி இன்னொரு நாற்காலி?" என்றது சமையலறையிலிருந்து அம்மாவின் குரல்.

மறுநாள் சித்தி பேராசிரியையின் அறைக்குப் போனாள். மறுபடியும் மலையில் கல் எடுக்க வேண்டும், இந்தத் தடவை தானே வந்து எடுப்பதாகச் சொன்னாள்.

"நீயா? மாடிப்படி ஏறினாலே உனக்கு மூச்சு வாங்குமே."

"வாங்கட்டும் மேடம்."

பேராசிரியை மறுக்கவில்லை. அவருக்கும் அந்தச் சாவி மேஜைமேல் கிடந்த கோலம் உறுத்திக்கொண்டுதான் இருந்திருக்கும்.

இத்தனை வருஷமாக அந்த மலையைத் துகள் துகளாகப் பார்த்தவள், முழுசாக அன்றுதான் பார்த்தாள். கிழக்கு அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஏறினார்கள். சித்தி பத்தடிக்கு ஒருதரம் நின்றாள். நிற்கும் இடத்தில் எல்லாம் பாறையில் கையை வைத்துப் பார்த்தாள். வெள்ளையும் கறுப்பும் இளஞ்சிவப்புமாக அரிசி சிந்தியது போன்ற கல், வெயிலில் கதகதவென்று இருந்தது. ஓரிடத்தில் அழுகை வந்துவிட்டது. ஏன் என்று பிறகு கேட்டபோது, மூச்சு வாங்கினதால் என்றாள். அதை நாங்கள் யாரும் நம்பியதில்லை. ஒவ்வொரு கல்லையும் அவளே உடைத்து, அவளே பையில் போட்டு, அவளே எழுதினாள். பேராசிரியை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதி மலையில் ஒரு வழுவழுப்பான பாறை முகம் வந்தது. மெருகு போட்ட மாதிரி பளபளப்பு. அதன்மேல் சீப்பால் வாரியது போல ஒரே திசையில் கோடுகள். மேலே இருந்த தரை இதன்மேல் உரசிக்கொண்டு நழுவியபோது விழுந்த கோடுகள் அவை. பேராசிரியை திசைகாட்டியை வைத்து அளந்தார். எல்லாக் கோடும் மேற்கே பார்த்து நின்றன. அவர் நிமிர்ந்து, தாங்கள் ஏறிவந்த பாதையைப் பார்த்தார். ஏறப்போகும் உச்சியைப் பார்த்தார். அதுவும் மேற்கேதான் இருந்தது. அதற்குப் பிறகு உச்சி வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணாடியைத் துடைக்கவும் இல்லை.

கல்லை உடைத்து, அரித்து, மெருகேற்றி, யுரேனியத்தை அளப்பதற்காக அணு உலைக்கு அனுப்பி, அது திரும்பி வர மாதக் கணக்காகும். அந்த மாதங்களில் எங்கள் வீட்டு நாற்காலிக்குக் கால் ஆட ஆரம்பித்தது. சித்தி கடைக்குப் போய்ப் புகார் கொடுத்தாள். ஜீப்காரர் வந்து காலை முடுக்கிவிட்டுப் போனார். மறுபடி ஆடியது. மறுபடி வந்தார். முதலில் தண்ணீர் வாங்கிக் குடித்தார். அடுத்த முறை டீ. ஒருநாள் நாற்காலியைத் தூக்கிக் கூடத்தில் நாலு இடத்தில் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நாற்காலி நல்லாத்தாங்க இருக்கு. உங்க வீட்டுத் தரைதான் கோணல்."

"தெரியும்" என்றாள் சித்தி.

அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். முன்பல் ஒன்று கொஞ்சம் உடைந்திருக்கும். அம்மா என்னைக் கடைக்கு அனுப்பிவிட்டாள், வாங்க எதுவும் இல்லாமலே.

கற்கள் திரும்பி வந்தன. சித்தி கறுப்புத் திரைக்குள் போய்விட்டு வெளியே வந்தபோது முடிவு முன்பு வந்த அதே முடிவு. அடிவாரம் கிழம், உச்சி இளசு. ஓடாத குறையாகப் பேராசிரியையின் அறைக்குப் போனாள். அவர் வரைபடத்தை மேஜை நிறைய விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அப்படித்தானே வந்திருக்கு?" என்றார், தாளைப் பார்க்காமலே. "அப்படித்தான் வரணும். மலையில அந்தப் பாறையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. உறுதியாகட்டும்னுதான் வாயைத் திறக்கல." பிறகு கேட்டார்: "அவர் வீடு எங்கன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியும் என்று சொல்லும்போது சித்திக்கு முகம் சிவந்துபோனதாம்.

சைக்கிள் கடைக்குப் பின்னால் ஒற்றை அறை. ஜீப்காரர் கதவைத் திறந்து, இருவரையும் பார்த்து, கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். உட்கார ஒரு கட்டில்தான். பேராசிரியை உட்கார்ந்தார்.

"நீங்க கொண்டுவந்த கல்லு வரிசை சரி. நான் சொன்னதுதான் தப்பு. அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி உங்களை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கோங்க."

பேராசிரியை கட்டிலில் மடித்திருந்த போர்வையைப் பிரித்து நீளமாக விரித்தார்.

"உள்ள ஒருத்தர் தூங்குறார்னு வைங்க. தலை கிழக்கே, கால் மேற்கே. போர்வையைக் கால் பக்கமா இழுத்தா எது முதல்ல குளிரும்?"

"தலை."

"கடைசியில?"

"கால்."

"மேல இருந்த தரை அப்படித்தான் மேற்கே நழுவிப் போயிருக்கு. கிழக்கு அடிவாரம் முதல்ல வெளியில வந்து ஆறிடுச்சு. உச்சி மேற்கே இருக்கு, அது கடைசியில ஆறிச்சு. நான் உசரத்தை மட்டும்தான் பார்த்தேன். எந்தப் பக்கமா இழுத்துச்சுன்னு பார்க்கல."

அவர் போர்வையை வாங்கி நிதானமாக மடித்தார்.

"இப்பக் கல்லு சொல்லிச்சு, நம்பிட்டீங்க மேடம். அதையேதான் அன்னிக்கு நானும் சொன்னேன்."

பேராசிரியை தலையைக் குனிந்துகொண்டார். வெளியே சைக்கிள் கடையில் யாரோ மணியை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிமிர்ந்து, வேலைக்குத் திரும்பி வரமுடியுமா என்று கேட்டார்.

"ஜீப் ஓட்ட ஆசைதான். அந்தத் தாழ்வாரத்துல மறுபடி நிக்கத்தான் மனசு வரல. கோவிச்சுக்காதீங்க." பிறகு, "டீ குடிச்சிட்டுப் போங்க" என்றார். இருந்த இரண்டு டம்ளரில் அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, தான் கிண்ணத்தில் ஊற்றிக் குடித்தார்.

அந்த வருஷமே சித்திக்கும் அவருக்கும் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. அப்பா சாட்சிக் கையெழுத்துப் போட்டார். தையல்காரர் மாப்பிள்ளைக்குக் கோட்டு தைத்துக் கொடுத்து, தோள் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றதற்கு மாப்பிள்ளையின் தோளையே குறை சொன்னார். பேராசிரியை வந்திருந்தார், மாப்பிள்ளையே அவரை முன்வரிசையில் உட்கார வைத்தார். அன்றிலிருந்து ஜீப்காரர் எனக்குச் சித்தப்பா.

கடை வேனை விட்டுச் சித்தப்பா சொந்த வேன் வாங்கினார். வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றிப் போவது தொழில். சித்தி ஓய்வு பெறும்வரை கறுப்புத் திரைக்குள்தான் இருந்தாள். பேராசிரியையின் மலைக் கட்டுரை வெளிவந்தது, சிலர் ஏற்றுக்கொண்டார்கள், சிலர் சண்டை போட்டார்கள். சித்தப்பா அந்தப் பேச்சு வந்தால் எழுந்து வண்டியைத் துடைக்கப் போய்விடுவார். துறை வாசலுக்கு அவர் மறுபடி வரவே இல்லை. சித்தியை அழைத்துப்போக வந்தாலும் எதிர்ச் சாரியில் வண்டியை நிறுத்திக்கொண்டு ஹாரன்தான் அடிப்பார். எனக்கு அந்தச் சாயங்காலங்கள் பிடிக்கும். ஹாரன் கேட்டதும் சித்தி எந்த வேலையில் இருந்தாலும் முகம் மாறிவிடும். கைகழுவும் சத்தம் தாழ்வாரம் முழுக்கக் கேட்கும்.

ரொம்ப வருஷம் கழித்து, பேராசிரியை தனியாக இருந்த காலத்தில், சித்தியைத் தொலைபேசியில் கூப்பிட்டார். மலையை இன்னொரு தரம் பார்க்க வேண்டும், வாடகைக்கு நல்ல வண்டி ஏதாவது சொல்ல முடியுமா என்றார். சித்தி தயங்கித் தயங்கிச் சித்தப்பாவிடம் சொன்னாள்.

"வாடகை வண்டி எதுக்கு? நம்ம வண்டி என்ன ஆச்சு?" என்றார் அவர். "முன் சீட்டுல உக்காரச் சொல்லு. பின்னாடி உக்காந்தா அவங்களுக்குத் தலை சுத்தும்."

மூவரும் போனார்கள். பேராசிரியையால் முதல் பாறை வரைதான் நடக்க முடிந்தது. சித்தப்பா தோள் கொடுத்து அழைத்துப்போனார். அங்கே உட்கார்ந்து, கொண்டுபோன ரொட்டியைச் சாப்பிட்டார்கள். ஓடையில் ஜீப் சிக்கிய கதையைப் பேராசிரியை ஆரம்பிக்க, சக்கரத்துக்கு அடியில் என்னென்ன வைத்துப் பார்த்தோம் என்று சித்தப்பா சேர்த்துக்கொண்டாராம். அன்று பேராசிரியையின் ஒரு செருப்புகூடச் சேற்றில் போய்விட்டதாம். இத்தனை வருஷத்தில் அந்தக் கதையை இருவரும் சிரித்துச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை என்பாள் சித்தி. திரும்பும் வழியெல்லாம் பேராசிரியை தூங்கிக்கொண்டே வந்தார். சித்தப்பா பள்ளம் பார்த்துப் பார்த்து மெதுவாக ஓட்டினார்.

அடுத்த மழைக்காலத்தில் பேராசிரியை இறந்துபோனார். சித்தியும் சித்தப்பாவும் போனபோது வீடு நிறைய அவருடைய மாணவர்கள், பெரிய பெரிய பதவியில் இருப்பவர்கள். வாசலில் நின்ற ஒருவர், குடும்பத்தார் போலும், சித்தப்பாவிடம் நீங்கள் யார் என்று மரியாதையாகக் கேட்டார். சித்தி பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சித்தப்பாவே சொல்லிவிட்டார்.

"நான் மேடத்தோட ஜீப் டிரைவர்ங்க."

சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனார்.